கரிக்கோடு போட்ட முட்டை

குஞ்சம்மாள் ஊரைவிட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் பெரம்பலூரில் முட்டை போணியாகாது. பாதிப் பேர் வீட்டில் கவிச்சி தொடமாட்டார்கள், மீதிப் பேர் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். அதனால் ஜெயசித்ரா அன்றைக்கு வியாபாரத்துக்குக் கிளம்பாமல் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு கிழமையாக இருந்திருந்தால் விடிவதற்குள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி பூட்டைத் தொங்கவிடுவதைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது. கிழமைகூடத் தன்னைத் தப்பிக்க விடவில்லையே என்று பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை பக்கத்தில் தெரிகிற சின்ன ஊர் அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. குஞ்சம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்து வெகுநாளாயிற்று. ஒரே மகள் தமிழ்மொழியைக் கொள்ளிடக்கரையில் திருமழபாடியில் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கேதான் இப்போது கிளம்பியிருந்தாள். மூங்கில் கூடையில் கோழிகளைக் கால்கட்டி அடுக்கி மேலே பழைய சேலையைப் போட்டுக் கட்டியிருந்தாள். சேவல் மட்டும் தனியாக ஒரு துணிப்பைக்குள் இருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"செயா, இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"கருப்பி அடையில ஒக்காந்திருக்கு. அடக்கோழியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போவ முடியாது, எல்லாம் கலஞ்சிரும். நீ பாத்துக்க. கொஞ்சம் தண்ணி, ஒரு கை சோளம், அவ்ளோதான்."

"சரிக்கா."

"வேற கோழி ஏதாச்சும் பூந்து அதுக்குள்ளாறயே முட்ட போட்டுட்டுப் போவும். கோடு இருந்தா அடை. கோடு இல்லாதத நீ எடுத்துக்க."

அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. குஞ்சு பொரிக்க வைக்கிற முட்டையில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நடுவில் வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போனால் எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டுமே. கோடு போட்ட முட்டையை யாரும் குழம்பில் உடைத்து ஊற்ற மாட்டார்கள். அதற்குள் உயிர் உருக்கொண்டிருக்கும்.

குஞ்சம்மாள் இதைக் குத்திக் காட்டத்தான் சொன்னாளா, கோழிக்காகச் சொன்னாளா என்று ஜெயசித்ராவுக்குத் தெரியவில்லை. அவள் குரலில் ஒன்றும் இல்லை. ஜெயசித்ரா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கேட்காமலே அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். வழியில் சேவல்தான் இரண்டு முறை கத்தியது.

டவுன் பஸ் வந்தது. கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் வாசலை மறித்தான்.

"ஏம்மா, இத்தன கோழிக்கும் யாரு டிக்கெட் எடுக்கறது?"

"எல்லாம் பொட்டக்கோழிய்யா. பொம்பளைக்கெல்லாம் ஃப்ரீன்னுதான எழுதி ஒட்டியிருக்கீங்க?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. கண்டக்டர் விடவில்லை. "அப்ப அந்தப் பையில எட்டிப் பாக்குறாரே, அவரு?"

"அது ஆம்பள, ஒன்ன மாதிரி. அதுக்கு வேணா காசு வாங்கிக்க."

எல்லோரோடும் சேர்ந்து ஜெயசித்ராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான், சிரிக்கிற உரிமை தனக்கு உண்டா என்று உறைத்தது. குஞ்சம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து, மடியில் சேவலை வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"போறேன்."

யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போனாலும் சீமைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள்.

*

ஜெயசித்ரா பிறந்தது அரியலூரைத் தாண்டி செந்துறைப் பக்கம். ராசாங்கத்தைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பருத்திக்காட்டில் களை எடுத்தாள், சின்ன வெங்காயம் அறுத்தாள், மக்காச்சோளம் முறித்தாள். புதுப்பெண்ணிடம் இந்தத் தெருவில் முதலில் பேசியவள் குஞ்சம்மாள்தான். "ஒன் மாமியா கண்ணுக்குத் தெரியாம சாப்பிடணும்னா எங்கூட்டுப் பொறவாசல் தொறந்துதான் கெடக்கும்" என்றுதான் அவள் அறிமுகமே செய்துகொண்டாள்.

ராசாங்கம் லோடுமேன். ஒருநாள் சோளமூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். துணைக்கு இருந்த ஜெயசித்ராவிடம், பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி, "கிராமத்துலேர்ந்து வரீங்களே, நாட்டுக்கோழி முட்டை கெடைக்குமா?" என்று கேட்டாள். மறுநாள் குஞ்சம்மாளிடம் வாங்கிப் போய்க் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் நர்சம்மா கேட்டார். இப்படித்தான் தொழில் தொடங்கியது. ராசாங்கம் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தபோது, மூட்டை தூக்கிப் பிழைக்கிற காலம் முடிந்துபோயிருந்தது. முட்டைதான் குடும்பத்தை நடத்தியது.

அவளுடைய ஏற்பாடு எளியது. இருட்டு பிரியுமுன் தெருத்தெருவாகப் போய் வீட்டு வாசல்களில் முட்டை வாங்குவாள். தகர வாளியில் உமியைக் கொட்டி, ஒரு வரிசை முட்டை, மேலே உமி, மறுபடி ஒரு வரிசை என்று புதைத்துக்கொண்டு போவாள். மேடு பள்ளத்தில் மொபெட் எவ்வளவு குதித்தாலும் ஒன்று உடையாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், டீக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் சாக்கை விரித்து உட்காருவாள். குஞ்சம்மாள் கோழிகள்தான் அவளுக்கு முக்கியமான வரத்து. மற்ற வீடுகளில் இருந்தால் கொடுப்பார்கள், விருந்தாளி வந்தால் இல்லை என்பார்கள். குஞ்சம்மாள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அப்புறம் ஊரெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியது. பண்ணை வெள்ளை முட்டையை டீத்தண்ணியில் ஊறவைத்து, பழுப்பாக்கி, நாட்டுக்கோழி முட்டை என்று விற்கிறார்களாம். உணவுப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஆட்கள் சந்தை சந்தையாக வரத் தொடங்கினார்கள். ஜெயசித்ராவிடம் வந்தவர் ஓர் இளம்பெண். கண்ணாடி போட்டவர், அதட்டத் தெரியாதவர். முட்டையை எடுத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உமியில் பத்திரமாக வைத்தார்.

"முட்டை சுத்தமாத்தான் இருக்குங்க. ஆனா பதிவு இல்லாம விக்கக் கூடாது. இ-சேவை மையத்துல போய் விண்ணப்பம் போடுங்க. கட்டணம் கம்மிதான். போட்டீங்கன்னா நானே வந்து பாத்துட்டு எழுதி அனுப்புவேன். அப்புறம் ஒண்ணு, எந்த வீட்டு முட்டை, எந்த நாள் முட்டைன்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியணும்."

பதிவு என்றதும் முதலில் பயந்தாள். பிறகு அதுவே ஆசையாயிற்று. சிறுவாச்சூர் ஹைவேயில் மெஸ் நடத்துகிற பிரேம்குமார் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, ஒங்க முட்டைய மொத்தமா நானே எடுத்துக்கறேன். ஆனா நம்பர் போட்ட சர்டிபிகேட் வேணும். எங்கிட்டயும் வந்து கேக்கறாங்க." அந்தச் சர்டிபிகேட் கிடைத்துவிட்டால் வெயிலில் சாக்கு விரிக்க வேண்டாம். ராசாங்கத்தின் காலுக்குத் திருச்சியில் மறு ஆபரேஷன் செய்யலாம். ஜெயசித்ரா ராத்திரி பகலாக அதையே நினைத்தாள்.

இ-சேவை மையத்துப் பெண் கேட்டாள். "உற்பத்தியாளரா, விற்பனையாளரா? என்னன்னு போட?"

"கோழிதாங்க உற்பத்தி பண்ணுது. நான் விக்கிறேன்."

"யாரு பேர்ல போட?"

ஜெயசித்ரா ஒரு கணம் யோசித்தாள். பாதி முட்டை குஞ்சம்மாள் வீட்டு முட்டை. அவள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எம் பேர்லயே போடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வேலியோரத்தில் இதைச் சொன்னபோது குஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கருப்பி பேரு எழுதலியா? முக்கறது அதுல்ல?"

"போட்டோ வேணுமாங்க்கா. ஒங்க கருப்பி ஸ்டுடியோவுல வந்து நிக்குமா?"

"கொண்டைக்குப் பூ வச்சா நிக்கும்டி."

ஜெயசித்ரா துணி அலசிக்கொண்டே, "ஆபீசரம்மா இன்னொன்னு சொன்னாங்க. ஒவ்வொரு முட்டையும் எந்த நாளுதுன்னு தெரியணுமாம்" என்றாள்.

"எப்புடித் தெரியும்? முட்ட பேசுமா?"

"ஏதாச்சும் அடையாளம் பண்ணிக்கங்க."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அதோடு அதை மறந்தும் போனாள். வாளியின் மேல் தேதி எழுதிய சீட்டை ஒட்டிக்கொண்டால் போதும் என்று அவள் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். குஞ்சம்மாள் மறக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தை எழுதினாள்.

*

ஆபீசரம்மா ஆய்வுக்கு வருவதாகச் சொன்ன அன்று ஜெயசித்ரா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனாள். குஞ்சம்மாள் மூன்று நாளாகச் சேர்த்து வாசலில் வைத்திருந்த கூடையை இருட்டிலேயே வாங்கி உமிக்குள் கவிழ்த்தவள், முட்டைகளைப் பார்க்கவேயில்லை. பஸ் ஸ்டாண்டில் சாக்கை உதறி விரித்து, புதிதாக வாங்கிய மூடியை வாளிக்குப் போட்டு, கையைக் கழுவி, பரீட்சைக்குப் போன பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள். ஆபீசரம்மா வந்தார். மூடியைப் பார்த்து, "பரவால்லையே" என்றார். சாக்கு, தண்ணீர், வாளிச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து முத்துசாமி வந்தார். மின்சார ஆபீசில் வேலை பார்க்கிறவர், நிரந்தர வாடிக்கை. அவர் மகள் பெரிய மனுஷியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தினமும் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள் வீட்டுப் பெண்கள். முத்துசாமி உமிக்குள் கைவிட்டுத் தாமே பொறுக்கி எடுப்பார். எடுத்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது என்னா?"

முட்டையில் கரிக்கோடு. இன்னொன்றை எடுத்தார். அதிலும் கரிக்கோடு.

"அடை வச்ச முட்டையக் களவாண்டு வந்து விக்கிறியா? இதையா எம்பொண்ணு வாயில ஊத்தச் சொல்ற?"

"ஐயோ, இல்லீங்க சார்..."

"என்னா இல்லீங்க? நானும் வடக்குமாதவி கிராமத்துக்காரன்தான். கோட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? உள்ள குஞ்சு காலு நீட்டிக்கிட்டுக் கெடக்கும்!"

கூட்டம் கூடிவிட்டது. பூக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். டீக்கடைக்காரர் மட்டும், "ஒண்ண ஒடச்சுப் பாத்துட்டா முடிஞ்சுது" என்றார். முத்துசாமி அவர்மேல் பாய்ந்தார். "நீ ஒடய்யா. காலங்காத்தால ஒரு உசுரக் கொன்ன பாவத்த நீயே வாங்கிக்க." டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசரம்மா டவுனில் வளர்ந்தவர். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று பூக்காரிதான் அவருக்கு விளக்கினாள். அவர் பேனாவை மூடிவிட்டு ஜெயசித்ராவைப் பார்த்தார்.

"இது யார் குடுத்தது?"

அப்போது ஜெயசித்ராவுக்கு உண்மையிலேயே ஒன்றும் நினைவில் இல்லை. கோபம்தான் இருந்தது, இந்த நாளில் போய் இப்படிச் செய்துவிட்டாளே என்று. "குஞ்சம்மாளுங்க மேடம். பக்கத்து வூடு. அதுதான் குடுத்துச்சு. நான் இருட்டுல பாக்கலீங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

"வேணும்னா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பறேன். ஆய்வுக் கட்டணம் நீங்க கட்டணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்க பதிவு நிக்கும். என்ன செய்யலாம்?"

"வேணாங்க மேடம். கொண்டு போய்க் கொட்டிடறேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பைக் குழி இருந்தது. ஜெயசித்ரா மட்டும்தான் வாளியோடு போனாள். நல்ல முட்டைகளைத் தனியே பிரித்துவிட்டுக் கோடு போட்டவற்றை விளிம்பிலிருந்து சரித்தாள். அவை கல்லில் மோதி உடைந்தன.

குஞ்சும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒவ்வொரு மஞ்சள்கருவும் துலுக்கசாமந்திப் பூப்போலத் திரண்டு, கலையாமல், எழும்பி நின்றது. அதைவிட நல்ல முட்டையை அவள் விற்றதில்லை. கையில் மிச்சமிருந்தவற்றை வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றில் ஒரு கோடு. ஒன்றில் இரண்டு. இன்னொன்றில் மூன்று. அடை முட்டைக்கு யாரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவதில்லை. ஒரு கோடு ஞாயிறு. இரண்டு கோடு திங்கள். மூன்று கோடு செவ்வாய், நேற்றைக்கு இட்டது.

"ஏதாச்சும் அடையாளம் பண்ணிக்கங்க." துணியைப் பிழிந்துகொண்டே தான் சொன்னது காதில் விழுந்தது.

அந்த மூன்று கோட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், "மேடம், இதைப் பாருங்க" என்றிருந்தால் முடிந்துபோயிருக்கும். முப்பதடி தூரம் இருந்தால் அதிகம். ஆனால் அங்கே ஆபீசரம்மா படிவத்தைத் திரும்பவும் திறந்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்போது போய்ப் பேசினால் மறுபடி சாம்பிள், மறுபடி லேப், பதிவு நிற்கும். ஜெயசித்ரா அந்த முட்டையையும் குழியில் போட்டாள். அது உடைகிற சத்தம் கேட்பதற்கு முன்பே திரும்பி நடந்தாள்.

"இனிமே அந்த வீட்டுல வாங்காதீங்க" என்றார் ஆபீசரம்மா, நல்லெண்ணத்தோடுதான். "சரிங்க மேடம்" என்றாள் ஜெயசித்ரா.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொபெட்டை நிறுத்தியதும் குஞ்சம்மாள் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"செயா, ஆபீசரம்மா வந்தாங்களா? நான் போட்ட கோட்டப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்றாள் ஜெயசித்ரா. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடிக்கு முத்துசாமியின் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. வந்த வழியில் அது வளர்ந்தும் இருந்தது. கால் முளைத்த குஞ்சு ஒன்று முட்டைக்குள்ளிருந்து கத்தியதாகச் சொன்னார்கள். மகளிர் குழுத் தலைவி பெரியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் குஞ்சம்மா, அடையக் கலச்சு வித்துத்தான் வவுறு வளக்கணுமா? ஒன்னால எங்கூட்டு முட்டையும்ல கூமுட்டைன்னு ஆவும்?" என்றாள்.

"அடை முட்ட இல்லடி. அது நாளுக் கோடு. ஆபீசுல நாளு தெரியணும்னாங்கன்னு செயாதான் அடையாளம் பண்ணச் சொன்னா."

எல்லோரும் ஜெயசித்ராவைப் பார்த்தார்கள்.

"செயா, நீயே சொல்லு. நீதான சொன்ன?"

ஜெயசித்ராவின் குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தான் ஒப்புக்கொண்டால் இந்தக் குழாயடியிலிருந்து பேச்சு பெரம்பலூருக்குப் போக ஒருநாள் ஆகாது. முட்டை நல்ல முட்டை என்று தெரிந்தும் ஆபீசரிடம் மறைத்தவள் என்று ஆகும். சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை.

"நாளப் பாத்துக் குடுங்கன்னு சொன்னேங்க்கா. கரிக்கோடு போடச் சொல்லலியே" என்றாள்.

அது பொய்யில்லை. அவள் கரிக்கோடு என்று சொல்லவில்லைதான்.

குஞ்சம்மாள் சண்டை போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், ஜெயசித்ராவும் பதிலுக்குக் கத்தி அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொண்டிருப்பாள். குஞ்சம்மாள் குனிந்து, நிரம்பி வழிந்த ஜெயசித்ராவின் குடத்தை நகர்த்திவைத்து, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு அந்த ஊரில் யாரும் அவளிடம் முட்டை வாங்கவில்லை. தெருவில் அவள் நடந்தால் பிள்ளைகள் குஞ்சுபோலக் கத்தினார்கள். இரண்டு மாதம் பார்த்தாள். பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

*

கருப்பி தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. ஜெயசித்ரா தண்ணீர் வைத்தாள், சோளம் போட்டாள். கருப்பி இரைக்கு இறங்குகிற நேரத்தில் கூடைக்குள் எட்டிப் பார்ப்பாள். எல்லா முட்டையிலும் ஒரே ஒரு கோடு, ஒரே மாதிரி. அடையாளத்தில் குஞ்சம்மாளுக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லை. ராசாங்கம், "கை ராசிக்காரிதான் அவ" என்றான். அவனுக்கு முழுக்கதை தெரியாது. ஜெயசித்ரா சொல்லவில்லை.

சர்டிபிகேட் வந்தது. அவளுடைய போட்டோ, அவளுடைய பெயர், நீளமாக ஒரு நம்பர். ராசாங்கம் அதை லேமினேட் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினான். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். பிரேம்குமார் சொன்னபடியே மொத்தமாக முட்டை எடுத்தான். திருச்சி ஆஸ்பத்திரியில் காலுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இப்போது ராசாங்கம் கம்பு இல்லாமல் நடக்கிறான். நல்லதெல்லாம் நடந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று மூச்சு விட்டிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தால் நேரெதிர்ச் சுவரில் போட்டோவில் அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலண்டரை அதன்மேல் மாட்டினாள். மறுநாள் ராசாங்கம் எடுத்து வேறு ஆணியில் மாட்டிவிட்டான்.

பதிவைப் புதுப்பிக்கிற சமயத்தில் ஆபீசரம்மா வந்தபோது, அவரைத் தனியே அழைத்துப் போய் ஒருவழியாகச் சொல்லத் துணிந்தாள்.

"மேடம், அன்னிக்கிக் கொட்டுன முட்டை... அது நல்ல முட்டைங்க."

"எந்த முட்டைங்க?"

"கரிக்கோடு போட்டது. குஞ்சம்மாள்னு..."

ஆபீசரம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். நாளுக்கு எத்தனையோ கடை, எத்தனையோ வாளி. "ஞாபகம் இல்லையேம்மா. பரவால்ல விடுங்க, பழைய விஷயம். இப்ப நல்லாப் பண்றீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஜெயசித்ரா மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்து நீட்டியதை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை.

ஊருக்குள் சொல்லலாம். குழாயடியில் சொல்லலாம். ஒவ்வொரு நாளும் குடத்தோடு போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். நிறைந்த குடத்தோடு அப்படியே திரும்பி வந்தாள்.

ஒருமுறை திருமழபாடிக்கே கிளம்பினாள். கருப்பியின் குஞ்சுகளில் பெட்டைகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கியிருந்தன. அந்த முட்டைகளை அவள் மெஸ்ஸுக்குக் கொடுப்பதில்லை, தானும் தின்பதில்லை. அடை வைக்க யார் கேட்டாலும் சும்மா கொடுத்துவிடுவாள். அதில் ஒரு நல்ல பெட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். சிமெண்டு லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாகப் போயின. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருமழபாடி பஸ் எது என்று கேட்டு, அதன் வாசல்வரை போனாள். கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "கோழியாம்மா? லக்கேஜ் போடணும்" என்றார். குஞ்சம்மாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நினைவு வந்தது. அந்தப் பகடியைத் தன் வாயால் சொல்ல முடியாது. போய் நின்றால் என்ன பேசுவது? "மன்னிச்சுக்கங்க" என்றா? குஞ்சம்மாள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பாள். அதை நினைத்ததும் கால் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. ஜெயசித்ரா கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

அதற்கப்புறம் ஒரு பொங்கல் போயிற்று, இன்னொரு பொங்கலும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெஸ்ஸுக்கு முட்டை இறக்கிவிட்டு, வேப்ப மரத்தடியில் மொபெட்டை நிறுத்தி உட்கார்ந்திருந்தபோது அவளுடைய போனில் வாட்ஸ்அப் வந்தது. தெரியாத நம்பர். முகப்புப் படத்தில் தமிழ்மொழி இருந்தாள். முதலில் ஒரு போட்டோ வந்திருந்தது. இவள் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போன்ற சர்டிபிகேட். அதில் குஞ்சம்மாள், போட்டோவுக்காக முக்காட்டை எடுத்துவிட்டு, கண்ணை அகலத் திறந்து, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே ஒரு குரல் பதிவு. ஜெயசித்ரா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள். ஆற்றங்கரைக் காற்று இரைந்தது. யாரோ, "பேசும்மா, ஓடுது" என்றார்கள். பிறகு குஞ்சம்மாளின் குரல், எட்ட இருப்பவளைக் கூப்பிடுவதுபோலச் சத்தமாக.

"செயா, நான்தான். நல்லா இருக்கியா? ஒம்புருசன் நடக்குறானாமே, நம்ம குழுப் பெரியம்மா மவ சொன்னா. சந்தோசம். கருப்பி இருக்கா, போயிருச்சா? இங்கயும் ஆபீசுலேர்ந்து வந்தாங்கடி. சின்னப் பொண்ணு. பதிவு பண்ணணும், முட்ட எந்த நாளுதுன்னு தெரியணும்னுச்சு. நான் சொன்னேன், எனக்கு எழுதத் தெரியாதும்மா, கோடுதான் போடுவேன், ஆனா கோடு போட்டா சனங்க அடை முட்டைன்னுருவாங்க, எங்கூர்ல அப்புடித்தான் ஆயிப்போச்சுன்னேன். அது கேட்டுட்டு நாளுக்கு ஒரு கலர்ல பொட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு, நெத்தியில ஒட்டுறமே, அந்தப் பொட்டு. முட்டையெல்லாம் இப்பக் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு வெவரமாக் கேட்டுச்சு, யாரால ஒங்களுக்கு அப்புடி ஆச்சுன்னு. நான் ஒம்பேரச் சொல்லல."